டிசம்பருக்குப் போன ஆட்டம்

ரொசாரியோவில் சண்டை போட ஆளுக்கும் பஞ்சமில்லை, காரணத்துக்கும் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குக் கால்பந்து இருக்கிறது, வார நாட்களுக்கு அரசாங்கம் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் சும்மா கிடந்தது. அதையும் விட்டுவைக்க மனசில்லாமல்தான் எச்செசோர்ட்டு பேட்டை கிளப்பின் மாடியில் இருக்கும் சின்ன வானொலி நிலையத்தில் மூன்று பேர் உட்கார்ந்து வீடியோ கேம்களுக்கு மார்க் போட ஆரம்பித்தார்கள். நிகழ்ச்சிக்கு 'டிசம்பருக்கு வா' என்று பெயர்.

எங்கள் பள்ளிக்கூடங்களில் பத்துக்கு ஆறு வாங்காதவன் டிசம்பரில், ஊரே ஆற்றங்கரையில் விழுந்து கிடக்கும் கோடை வெயிலில், மறுபடி பரீட்சைக்குப் போய் உட்கார வேண்டும். அதிலும் கோட்டை விட்டால் மார்ச். நிகழ்ச்சியிலும் அதே சட்டம்தான். ஆறுக்குக் கீழே வாங்கிய ஆட்டம் டிசம்பருக்குப் போகும். மார்க் போட்டவரே அதை முதலிலிருந்து கடைசி வரை இன்னொரு தடவை விளையாட வேண்டும். ஆட்டத்துக்காக வாதாட யாராவது ஒருவர் நேரலையில் வர வேண்டும். அன்றைக்குத் தேறிவிட்டால் அதோடு சரி, அந்த ஆட்டத்தைப் பற்றி அப்புறம் நிகழ்ச்சியில் யாரும் மூச்சு விடக் கூடாது. தேறாவிட்டால் வாதாடியவரே மார்ச்சிலும் வந்தாக வேண்டும். விளையாட்டாகச் செய்த சட்டம்தான். ஆனால் இந்த ஊரில் விளையாட்டாகச் செய்த சட்டங்களைத்தான் ஜனங்கள் ஒழுங்காக மதிக்கிறார்கள்.

மூன்று பேரில் டூச்சோ ஆணி, பெயின்ட் விற்கும் கடைக்காரன். ஒரு ஆட்டம் எத்தனை நாள் ஓடுகிறதோ அத்தனை நல்லது என்பான். சோற்றுக்கடையில் தட்டு நிறைந்ததா என்று மட்டும் பார்க்கிற ஜாதி. ரோமினா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். கடைசி அரை மணி நேரம் நெஞ்சில் நிற்கவில்லை என்றால் மற்றதெல்லாம் வீண் என்பது அவள் கட்சி. மூன்றாமவன் ஃபப்ரீசியோ. ஆட்டம் எதைச் சாதித்தது என்று பார்க்காதே, எதற்கு ஆசைப்பட்டது என்று பார் என்பான். அப்படிப்பட்டவன் குறைந்த மார்க்கைத் தாங்குவானா? ஒருமுறை புவெனஸ் ஐரஸிலிருந்து வரும் பஸ்ஸில் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தவன், ரோமினா ஏதோ ஒரு ஆட்டத்துக்கு ஐந்து போட்டாள் என்று பாதி வழியில் இறங்கி, பெட்ரோல் பங்க்கில் நின்றபடி போன் செய்து, நிகழ்ச்சி முடியும் வரை கத்தினான். பஸ் போய்விட்டது. பெட்டியும் அதோடு போய்விட்டது.

ரோமினாவும் ஃபப்ரீசியோவும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். நேயர்கள் மார்க்கைக் கேட்கவா வானொலியைத் திருப்பினார்கள்? இவர்கள் வாய்க்கு வாய் மோதிக்கொள்வதைக் கேட்கத்தான். வீட்டுக்குப் போகும் வழியிலும் சண்டை, கிளப் கேன்டீனில் ஆளுக்குப் பாதி சூடான ரொட்டி சாண்ட்விச்சைத் தின்றுகொண்டும் சண்டை. அவர்களுக்கு அதுதான் கொஞ்சல் என்று பேட்டையில் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு ஸ்வீடனில் கோத்தன்பர்க் என்ற ஊரில் ஆட்டம் செய்கிற கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. நீயும் வா என்றான். வருகிறேன் என்றும் அவள் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "போ, போ. பனியைப் பாத்துட்டு ஆறே மாசத்துல ஓடி வந்துடுவே. இந்த முடிவுக்கு நான் போடுற மார்க் மூணு" என்றாள். அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆறு மாதம் ஆயிற்று, ஒரு வருஷம் ஆயிற்று. முதலில் தினமும் போனில் சண்டை, அப்புறம் வாரத்துக்கு ஒன்று, அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து, கடைசியில் படம் போட்டால் ஒரு சிவப்பு இதயம். அந்தச் சிவப்பு இதயத்தைப் பார்த்தாலே ரோமினாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். தன்னோடு தொண்டை கிழியக் கத்தியவன் இப்போது ஊருக்கெல்லாம் போடுகிற அதே இதயத்தைத் தனக்கும் போடுகிறானே என்ற ஆத்திரம். அவன் குரலுக்காக, கோபமாகவாவது ஒரு தடவை வரும் அந்தக் குரலுக்காக, அவள் ஏங்கிப்போனாள்.

ஏப்ரலில் அவன் வேலை பார்த்த ஆட்டம் வெளிவந்தது. பெயர் 'தோணித்துறை'. வெள்ளத்தில் பாதி மூழ்கிய ஊரில் படகோட்டி ஒருவன் ஆட்களை ஏற்றி இறக்குகிறான். ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அந்தப் பேச்செல்லாம் ஃபப்ரீசியோ எழுதியது. வெளியூர் விமர்சகர்கள் ஏழு, எட்டு, சில இடங்களில் ஒன்பது கூடப் போட்டிருந்தார்கள். ரோமினா அதை வெளிவந்த அன்றைக்கே வாங்கி, கடைக்கு லீவு சொல்லிவிட்டு விளையாடி முடித்தாள். முடித்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். அவ்வளவு பிடித்துப் போயிற்று.

மறுநாள் கடையில் லென்ஸைத் தேய்த்துக்கொண்டே கணக்குப் போட்டாள். ஒன்பது என்று சொன்னால் என்ன வரும்? நன்றி என்று ஒரு வார்த்தை வரும், பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம் வரும். நாலு என்று சொன்னால்? பஸ்ஸிலிருந்து இறங்கினவன் ஆயிற்றே. சும்மா இருப்பானா?

சனிக்கிழமை மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து "நாலு" என்றாள். அதோடு நின்றிருக்கலாம். "அந்தப் படகுல ஏறுறவங்களுக்கு முன்னாடி ஓட்டுறவனுக்கே தூக்கம் வந்துடுது" என்றும் சொன்னாள். டூச்சோ சிரித்த சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த மாத்தே தேநீர் பேன்ட்டில் கொட்டிவிட்டது. ஆட்டம் டிசம்பருக்குப் போனது. ரோமினா போனைப் பார்த்தாள். நிகழ்ச்சி முடிகிற வரை பார்த்தாள். அவன் கூப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் கூப்பிடவில்லை. ஆனால் யாரோ அந்த வரியை மட்டும் வெட்டி இணையத்தில் விட்டார்கள். அது கோர்தோபா போயிற்று, மொந்தேவிதேயோ போயிற்று, அசுன்சியோன் போயிற்று. அரை மணி நேரம்கூட விளையாடாதவர்கள் எல்லாம் வந்து கட்டைவிரலைக் கீழே காட்டிவிட்டுப் போனார்கள். ஆட்டம் விற்கிற தளத்தில் 'பெரும்பாலும் நல்ல வரவேற்பு' என்று இருந்தது மெல்ல 'கலவையான வரவேற்பு' என்று மாறியது. ரோமினா பொறுக்க முடியாமல் ஒருவனிடம் கேட்டே விட்டாள்.

"நீ விளையாடிப் பாத்தியா தம்பி?"

"எதுக்கு? அதான் ரொசாரியோவுல ஒரு அக்கா நாலு போட்டாச்சே. அந்த அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பதில் வந்தது.

மார்க் விஷயத்தில் அவள் பொய் சொன்னதே இல்லை. சொந்த மச்சான் செய்த ஆட்டத்துக்கு இரண்டு போட்டு, கிறிஸ்துமஸ் விருந்தில் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். முதல் முதலாக ஒரு பொய் மார்க் போட்டாள், அதுவும் அவனுக்கு. தூண்டில் போட்டவள் மீனைப் பிடிக்கவில்லை, குளத்தையே கலக்கிவிட்டாள்.

நவம்பரில் தெருவெல்லாம் ஜக்கரண்டா மரங்கள் ஊதாவாகப் பூத்துக் கொட்டியபோது டூச்சோ ஓட்டமும் நடையுமாகக் கண்ணாடிக் கடைக்கு வந்தான். வாடிக்கையாளர் முன்னாலேயே போனை அவள் காதில் வைத்து அழுத்தினான்.

"டூச்சோ, தோணித்துறைக்கு வாதாட யாரும் வரலைன்னா, நான் வரேன்டா."

ஃபப்ரீசியோ அனுப்பியிருந்த குரல் பதிவில் அவ்வளவுதான் இருந்தது. ரோமினா அதை மறுபடி போடச் சொன்னாள். இன்னொரு தடவையும் போடச் சொன்னாள். "தாயே, இதுக்கு மேல கேட்டா தேய்ஞ்சிடும்" என்றான் டூச்சோ.

சட்டப்படி ஆட்டத்தை மறுபடி விளையாடினாள். குறை தேடிக்கொண்டே விளையாடினாள், காரணம் இருந்தது. டிசம்பரிலும் ஐந்துக்கு மேல் போகாவிட்டால் அவன் மார்ச்சிலும் வந்தாக வேண்டும். சட்டத்தை மீறுகிறவன் இல்லை அவன். மார்ச் வரை ஒரு பிடி இருக்கும், காத்திருக்க ஒரு தேதி இருக்கும். குறைகளும் கிடைத்தன, எந்த ஆட்டத்தில்தான் இல்லை? ஆனால் இரண்டாம் தடவை விளையாடியபோது ஆட்டம் அவளுக்கு முன்னைவிடப் பிடித்துத் தொலைந்தது.

டிசம்பர் சனிக்கிழமை. வானொலி அறையில் மின்விசிறி அனலைத்தான் வீசியது. கீழே கிழவர்கள் மரக்குண்டு உருட்டும் சத்தம் தரை வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. அடுத்த நிகழ்ச்சிக்காரர் தோன் அன்செல்மோ அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு வெளியே நடையில் காத்திருந்தார். ரோமினா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தாள். வானொலிக்கு எதற்கு நல்ல சட்டை என்று கேட்கிற தைரியம் டூச்சோவுக்கு வரவில்லை.

"நேயர்களே, ஸ்வீடன்ல இருந்து ஒரு பையன் மறுபரீட்சைக்கு வந்திருக்கான். என்னப்பா, படிச்சிட்டு வந்தியா?" என்று போன் இணைப்பைத் திறந்தான் டூச்சோ.

"படிச்சுட்டேன் சார். குளிர்ல பேனாதான் உறைஞ்சு போச்சு."

அதே குரல். கொஞ்சம் கட்டையாகியிருந்தது. ரோமினா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் பின்னணியில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"முதல் கேள்வி" என்று அவளே ஆரம்பித்தாள். "மூணாவது பயணத்துல பெட்டியோட ஒருத்தன் ஏறுறான். அவனுக்குப் பதில் சொல்ல ஒரே ஒரு வழிதான் குடுத்திருக்கீங்க. ஏன், கை வலிச்சுதா?"

இதோ பாயப் போகிறான் என்று காத்திருந்தாள்.

"சரியாத்தான் சொல்றே. இன்னும் ரெண்டு வழி வெச்சிருக்கணும்" என்றான் அவன்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நடுவுல ஆறு ஒரே மாதிரி ஓடுது. ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டதையே திரும்பப் போட வேண்டியிருக்கு."

"உண்மைதான். நல்லா கவனிச்சிருக்கே. நன்றி."

"டேய்" என்றான் டூச்சோ, "நீ வாதாட வந்தியா, மன்னிப்புக் கேக்க வந்தியா? அங்க தண்ணில என்ன கலக்குறாங்க?"

"இதுல வாதாட என்ன இருக்கு டூச்சோ? நாலுங்கறது நியாயமான மார்க்தான்."

எட்டு மாதமாக அவள் எதையெல்லாமோ ஒத்திகை பார்த்திருந்தாள். அவன் திட்டுவான், கேலி செய்வான், போனை வைத்தாலும் வைப்பான். ஒத்துக்கொள்வான் என்று மட்டும் நினைக்கவே இல்லை. முன்பின் தெரியாதவர்களிடம்தான் மனிதன் இப்படி ஒத்துக்கொள்வான். அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"நியாயமா? என்னடா நியாயம்? மூளை இருக்கா உனக்கு? தினம் சாயங்காலம் படகுல ஏறி, நடு ஆறு வரைக்கும் போயிட்டுத் திருப்பச் சொல்றாளே ஒருத்தி, அக்கரைக்கே போகாம... அந்த இடத்துக்கு நாலா? நான் அந்தத் துறையில படகைக் கட்டிப் போட்டுட்டு, ஒண்ணும் செய்யாம, அவ வராளான்னு சாயங்காலம் பூரா உக்காந்திருக்கேன். எந்த ஆட்டத்துலடா நான் அப்படி உக்காந்திருக்கேன்?"

டூச்சோ வாயைப் பிளந்தான். பரீட்சை வைக்க வந்த வாத்தியார் மாணவனுக்காக வாதாடுவதை ரொசாரியோ அதுவரை கேட்டதில்லை.

"அவ நானா?" என்று கேட்டாள் ரோமினா. கேட்ட பிறகுதான் நேரலை என்பது ஞாபகம் வந்தது.

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்கன்னு தெரியும்" என்றான். "இல்ல ரோமி. அது நான்."

டூச்சோவின் கை பாட்டுப் போடும் பொத்தானுக்குப் போயிற்று. ரோமினா அந்தக் கையைப் பிடித்து அப்பால் வைத்தாள்.

"உன்னோட அந்தத் தூக்க வரியை இங்க மீட்டிங்ல பெரிய திரையில போட்டாங்க" என்று அவன் தொடர்ந்தான். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. "ஸ்பானிஷ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். நானே மொழிபெயர்த்துச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். நல்ல வரிதானே. மத்தவங்க போட்ட மார்க் எல்லாம் எனக்குப் புரிஞ்சுது. ஒருத்தனுக்கு வேகம் பத்தல, ஒருத்தனுக்குக் காசு அதிகம். உன் நாலு மட்டும் புரியல. பொய்யா இருக்கும்னு ஒரு நாள் தோணும். இல்ல, இவ பொய் சொல்ற ஆள் இல்லையே, நிஜமாவே மட்டம்தான் போலன்னு அடுத்த நாள் தோணும். அடுத்த ஆட்டத்துக்கு எழுத உக்காந்தா கை ஓடல. அதுக்குத்தான் இன்னிக்கு வந்தேன். நிஜமாவே நாலா ரோமி?"

கீழே ஒரு குண்டு இன்னொன்றில் மோதி, கிழவர்கள் ஹோ என்று கத்தினார்கள்.

"இல்ல" என்றாள். "நீ கூப்பிடணும்னு போட்டேன். எனக்கு உன் சண்டை வேணும்னு இருந்துச்சு. வேற எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

"ம்."

"ஏன்டா கூப்பிடல?"

"கூப்பிட்டா சண்டை போடுவோம். சண்டை போட்டா மறுநாளும் கூப்பிடுவேன். அதுக்கு மறுநாளும் கூப்பிடுவேன்." பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அந்தப் பக்கம் யாரோ ஈரக் கையோடு அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ரோமினாவுக்குப் புரிந்தது. "எனக்கு இங்க ஒரு வீடு இருக்கு ரோமி. நான் இங்கதான் இருக்கப் போறேன்."

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். ரோமினா கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து என்று சொன்னால் போதும். அதற்குக் காரணம் காட்ட வேண்டிய குறைகளெல்லாம் அவள் நாக்கு நுனியில் இருந்தன. ஐந்து என்றால் மார்ச்சில் இதே குரல் மறுபடி இந்த அறைக்கு வரும். அவன் வருவான், முணுமுணுக்காமல் வருவான். ஆனால் மார்ச் வரை அங்கே ஒருவன் எழுதாத கையோடு உட்கார்ந்திருப்பான்.

டூச்சோ தொண்டையைச் செருமினான். "ரோமி, மார்க்கைச் சொல்லணும். அன்செல்மோ கதவை உடைச்சிடுவார் போல."

"எட்டு" என்றாள்.

அந்தப் பக்கம் அவன் மூச்சை விடுவது கேட்டது.

"ஒன்பது போட்டிருப்பேன்" என்று அவள் சேர்த்தாள். "முடிவை அவசரத்துல அள்ளிப் போட்டிருக்கீங்க. படகு கரை சேர்றதுக்குள்ள பாட்டைப் போட்டு, பேரெல்லாம் ஓட விட்டுட்டீங்க. கல்யாண வீட்டுல பந்தி முடியறதுக்குள்ள இலையை எடுத்த மாதிரி."

"முடிவை நான் எழுதவே இல்ல!" என்று கத்தினான் ஃபப்ரீசியோ. "நான் எழுதினதை வெட்டிட்டாங்க! படகு கரையைத் தொடணும், கயித்தைக் கட்டணும், அப்புறம்தான் பாட்டுன்னு நான் அடிச்சுச் சொன்னேன்!"

"சொன்னா போதுமா? மேஜை மேல ஏறி நின்னு கத்தியிருக்கணும்!"

"ஸ்வீடன்காரன்கிட்ட மேஜை மேல ஏறினா டாக்டரைக் கூப்பிடுவான்டி!"

"கூப்பிடட்டுமே! ஒன்பது கிடைச்சிருக்குமே!"

"எட்டு மட்டும் என்ன கணக்கு? எட்டரைன்னு வாய்ல வராதா? பழைய கஞ்சத்தனம் போகல உனக்கு!"

"அரை மார்க் போடுறது கோழைத்தனம்னு சொன்னவனே நீதான்!"

"சொன்னது அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி!"

பேட்டையில் அன்றைக்கு எத்தனையோ சமையலறைகளில் வானொலிச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். டூச்சோ நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெயில் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். நேரம் முடிந்தும் தோன் அன்செல்மோ கதவைத் தட்டவில்லை. அக்கார்டியனைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஃபப்ரீசியோதான் சிரித்து ஓய்ந்தான். "சரி. எட்டு. எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கோ. எழுதப் போ" என்றாள் ரோமினா.

"போறேன்." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

டூச்சோ இரண்டு மைக்குகளையும் உள்ளங்கையால் பொத்தினான். வருஷக்கணக்காக அவளைக் கேலி செய்தே பழகியவன், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"தாயே, எனக்குக் காது சரியாக் கேக்கல. நீ அஞ்சுன்னுதானே சொன்னே? நான் அப்படித்தான் அறிவிப்பேன். ஒரு பய கேக்க மாட்டான். மார்ச்சுல வரட்டும்."

ரோமினா அவனைப் பார்த்தாள். எவ்வளவு நல்லவன் இவன் என்று நினைத்தாள். அவன் சொன்னதைச் செய்துவிட வேண்டும் என்று உடம்பு முழுக்க ஆசை எழுந்தது. அவன் விரல்களை ஒவ்வொன்றாக மைக்கிலிருந்து எடுத்துவிட்டு, கிட்டத்தில் குனிந்தாள்.

"நேயர்களே, தோணித்துறை எட்டு மார்க் வாங்கித் தேறிடுச்சு. இனிமே இந்த ஆட்டத்தைப் பத்தி இங்க யாரும் பேச மாட்டோம்."

சொல்லிவிட்டு, அடுத்து வரும் பாட்டுக்காரருக்கு நாற்காலியை விட்டு எழுந்தாள்.